கரிச்சானுக்கு யார் கண் பட்டது?

அத்தியாயம் 6

சிங்கப்பூரின் சிலேத்தாரில் இருக்கும் விண்துணை ஏவியேஷன் விமானக் கம்பெனியில் எல்லாமே ரகசியம். கூட்ட அறையில் இருந்த பிஸ்கட் டப்பாவின் மூடியில்கூடச் சிவப்பு மையில் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தியிருந்தார்கள். உள்ளே இருந்தது சாதாரண கிரீம் பிஸ்கட்தான். அதையும் யாரோ முன்கூட்டியே காலி செய்திருந்தார்கள்; நாலுதான் மிச்சம்.

டப்பாவுக்கு இந்தப் பக்கம் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்தாறு. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், லைசென்ஸ் வாங்கி, டன்லப் ஸ்திரீட்டில் ஒரு தையல்கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பெண்மணி. பக்கத்தில் அவருடைய உதவியாளர் முபாரக். பதினெட்டு வருடம் டாக்சி ஓட்டியவர். பின்சீட்டுக்காரர்களின் கதையையெல்லாம் காதால் வாங்கிக்கொண்ட மனிதர், இப்போது வட்டியோடு வாயால் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

டப்பாவுக்கு அந்தப் பக்கம் நிர்வாக இயக்குநர் கோவிந்தசாமி. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்; சொல்பவர்கள் எல்லோரும் அவரிடம் வேலை பார்க்கிறவர்கள் என்பது வேறு விஷயம். அவருக்குப் பின்னால் பாதுகாப்பு அதிகாரி நூருல் அமீன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நிற்பதைப் பார்த்தால் ஓய்வு பெற்ற செய்தி அவருடைய முதுகெலும்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று தோன்றும்.

“எங்க விமானம் பேரு கரிச்சான்” என்று ஆரம்பித்தார் கோவிந்தசாமி. “சின்னக் கருங்குருவி, ஆனா பருந்தையே துரத்தும். நான் வெச்ச பேரு.”

பெயரை ஆங்கிலத்தில் மாற்றிப் பிரசுரம் அடித்த பிறகுதான், அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஆஸ்திரேலியாவில் ‘மடையன்’ என்று பொருள் என்று விளம்பரப் பிரிவுக்குத் தெரிந்ததாம். இதை அவர் சொல்லவில்லை. வாசலில் பாஸ் எழுதிக் கொடுத்த பெண் சொன்னது. நாம் கேட்காமலேயே சொன்னது.

“ரெண்டு சீட். முன்னால மாணவன், பின்னால வாத்தியார். பயிற்சி விமானம்” என்றார் கோவிந்தசாமி.

“அவ்வளவுதானா?” என்றார் பஞ்சவர்ணம்.

கோவிந்தசாமி குரலைத் தாழ்த்தினார். “தேவைப்பட்டா இலகு ரகத் தாக்குதலுக்கும் ஆகும். இறக்கைக்குக் கீழ கொஞ்சம் வசதி இருக்கு. எந்த நாட்டுக்கு எந்தப் பிரசுரம் தேவையோ அதைக் கொடுப்போம்.”

“காலையில பள்ளிக்கூடம், சாயங்காலம் பட்டாசுக்கடை” என்றார் முபாரக்.

கோவிந்தசாமி சிரிக்கவில்லை. ஒரு அச்செடுத்த தாளை நகர்த்தினார். இன்னும் இரண்டே வாரத்தில் சாங்கி விமானக் கண்காட்சியில் துணியை விலக்கிக் காட்டவேண்டிய கரிச்சானை, போன புதன்கிழமை மாலையே ஓர் இணையதளம் உரித்துவிட்டது. விமானம் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள், பெயர் சொல்லாமல் எழுதும் தளம். மூக்குச் சுற்றளவு 4.05 மீட்டர். வால் உயரம் 2.70. இறக்கைக்குக் கீழே ஆயுதம் மாட்டும் கொக்கிகள் ஆறு. ஒவ்வொன்றின் சுற்றளவு 0.90. கடைசி வரி: ‘இது பள்ளிக்கூடம் இல்லை.’

“அமைதி அமைதின்னு பேசுற ஒரு நாடு, பயிற்சிக்கு மட்டும்னு நெனச்சு கையெழுத்துப் போட இருந்துச்சு. இப்போ போன் எடுக்க மாட்டேங்குறாங்க” என்றார் கோவிந்தசாமி. “இறக்கை டிராயிங் மூணே பேர்கிட்டதான் இருக்கு. ஒருத்தர் ஆலோசகர், மூணு வாரமா நியூசிலாந்துல மீன் பிடிக்கிறார். ஒருத்தர் நான். இன்னொருத்தி வைஷாலி. இறக்கை எஞ்சினியர். அவதான். நாலு மணிக்கு ஒப்புக்கிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்தா கௌரவமா அனுப்பிடுவேன். இல்லைன்னா போலீஸ் ரிப்போர்ட். உங்க அறிக்கை ஒண்ணு கூட இருந்தா கம்பெனிக்குப் பாதுகாப்பு.”

“நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. நான் எதுக்கு சார்?”

“உறுதிப்படுத்த.”

“நாலு மணி வரைக்கும் எனக்கு டைம் இருக்குல்ல?” என்று எழுந்தார் பஞ்சவர்ணம். மணி அப்போது பத்தே முக்கால்.

*

வைஷாலியை ஊழியர் பக்கம் விடாமல், பார்வையாளர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். இருபத்தேழு வயது. பூன் லேயில் வளர்ந்தவள். அவளுடைய அனுமதி அட்டையை வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டார்கள். அன்றைக்கே, ‘தகவல் கசிவு தொடர்பாக இறக்கைப் பிரிவு ஊழியர் வைஷாலி விசாரணையில் இருக்கிறார்’ என்று நிறுவனத்தின் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மின்னஞ்சல் போய்விட்டது. ரகசியக் கம்பெனி, ஆனால் அந்த மின்னஞ்சலுக்கு மட்டும் முத்திரை குத்த மறந்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை பூன் லே சந்தையில் மீன் வாங்கப் போன அவளுடைய அம்மாவிடம், “பொண்ணைப் போலீஸ் பிடிச்சிட்டாமே?” என்று மூன்று பேர் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். நாலாவது ஆள் எந்த நாட்டுக்கு உளவு பார்த்தாள் என்று நாட்டின் பெயரையே சொல்லிக் கேட்டாராம்.

“கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?” என்றார் பஞ்சவர்ணம்.

“பாதுகாப்பு அனுமதி போயிடும் மேடம். அது போனா இந்த ஊர்ல எந்த விமானத்தையும் தொட முடியாது. எனக்கு வேற வேலை தெரியாது. வேற எதுவும் பிடிக்கவும் பிடிக்காது.” அவள் அழவில்லை. அழுது முடித்த முகம்.

பஞ்சவர்ணம் அந்தத் தாளை நீட்டினார். “இந்த நம்பர் எல்லாம் சரியா?”

வைஷாலி பார்த்தாள். துக்கம் போய், முகத்தில் கோபம் வந்தது. “எல்லாமே தப்பு!”

“எவ்வளவு தப்பு?”

“சொல்ல மாட்டேன்.”

“ஏம்மா?”

“ரகசியம்.”

முபாரக் நெற்றியில் அடித்துக்கொண்டார். “தங்கச்சி, உன்னைத் தூக்கில போடுறப்பகூட கயிறு நீளத்தைச் சொல்ல மாட்ட போல லா.”

“எங்க டிராயிங்ல மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும்” என்றாள் வைஷாலி. “இப்படி மொத்தையா எந்த எஞ்சினியரும் எழுத மாட்டான். ஆனா...” இழுத்தாள். “ஆறு கொக்கிங்கிறது மட்டும் சரி. அதை அவங்களே போட்டுட்டாங்க, அதனால சொல்றேன்.”

அதாவது, திருடியவர் டிராயிங்கைப் பார்க்கவே இல்லை. ஆனால் விமானத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

“புதன்கிழமை இங்க ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?”

“காலையில ஒன்பதுல இருந்து பத்தரை வரைக்கும் விமானம் நிக்கிற ஹேங்கரை மூடிட்டாங்க. பாதுகாப்புச் சோதனைன்னு எல்லாரையும் வெளியே அனுப்பிட்டாங்க. பத்து மணிக்கு ஃபயர் அலாரம் அடிச்சது. தீ எதுவும் இல்லை, காரணமும் தெரியலைன்னு எழுதி முடிச்சிட்டாங்க.”

“கதவை மூடினது யாரு?”

“நூருல் அமீன் சார்.”

முபாரக் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். பஞ்சவர்ணம் கூரையைப் பார்த்தார்.

“வேற?”

“மறுநாள் நான் ஒரு வேற்றுப்பொருள் ரிப்போர்ட் போட்டேன். ஓடுபாதையில ஒரு ஆணி கிடந்தாலே எஞ்சினுக்குள்ள போய் உயிரை எடுத்துடும் மேடம். அதனால விமானத்துப் பக்கத்துல எது கிடந்தாலும் எழுதணும். முன்சக்கர டயர் பள்ளத்துல சின்னதா, வெளிறின நிறத்துல, வழுவழுன்னு நாலு கிடந்துச்சு. பின்சக்கரம் ரெண்டுலயும் கொஞ்சம். என்னன்னே தெரியலை. உருகிப்போன பிளாஸ்டிக்கோன்னு நெனச்சேன். நூருல் அமீன் சார் பைல போட்டு லேபுக்கு அனுப்பியிருக்கார்.”

“போட்டோ எடுத்தியா?”

“பக்கத்துல ஸ்கேல் வெச்சு எடுத்தேன். மூணு கோணத்துல.” அனுமதி அட்டையோடு கைப்பேசியையும் வாங்கிவிட்டார்களே என்று அவளுக்கு நினைவு வந்தது. பேனாவை எடுத்து வரைந்து காட்டினாள். ஒரு முனை கூர்மை, மறுமுனை உருண்டை. எஞ்சினியர் அல்லவா, நீளம் எட்டு மில்லிமீட்டர் என்றும் பக்கத்தில் குறித்தாள்.

பஞ்சவர்ணம் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “உங்க வீட்டுல சமையல் யாரும்மா?”

“அம்மா.”

“அதான்” என்று எழுந்துவிட்டார்.

*

பஃபலோ ரோட்டில் ஒரு தேநீர்க் கடை. நுரை பொங்க ஆற்றிய தே தாரே இரண்டு. முபாரக்கின் தட்டில் ஒரு பரோட்டா. துப்பறியும் தொழிலில் அவருக்குக் காலை உணவு மதியத்துக்கு முன்னால் கிடைப்பதில்லை.

“எலுமிச்சை விதைக்கா லேப்!” என்றார் முபாரக். “முன்னாடியே சொல்லியிருந்தா என் பொண்டாட்டி வாட்ஸ்அப்லயே ரிசல்ட் சொல்லியிருப்பா.”

“மூணு சக்கரத்துலயும் விதை. என்ன அர்த்தம்?”

“நசுங்கியிருக்கு.”

“ஃபயர் அலாரம் ஏன் அடிச்சது?”

முபாரக்கின் கையில் இருந்த பரோட்டா பாதி வழியில் நின்றது. “சூடம்! அக்கா, விமானத்துக்கு வண்டிப் பூசை போட்டிருக்கானுங்க லா!”

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் புது கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாதவர் நம்மில் யார்? சைக்கிளுக்கே வைத்தவர்கள் உண்டு. பக்கத்து புளோக்கில் ஒருவர் புதிதாக வாங்கிய சக்கர நாற்காலிக்கு வைத்தார், பெயர் வேண்டாம்.

“சரி, பூசை போட்டது ஒருத்தர். இணையத்துல எழுதினது ஒருத்தர். நடுவுல என்ன போச்சு?” பஞ்சவர்ணம் தாளை மேஜையில் விரித்தார். “நாலு புள்ளி பூஜ்யம் அஞ்சு. ரெண்டு புள்ளி ஏழு. புள்ளி ஒன்பது. எல்லாத்தையும் நாப்பத்தஞ்சு சென்டிமீட்டரால வகுத்துப் பாரு.”

முபாரக் கைப்பேசியில் தட்டினார். “ஒன்பது. ஆறு. ரெண்டு. மிச்சமே இல்லை! நாப்பத்தஞ்சுக்கு என்னக்கா அப்படி ஒரு விசேஷம்?”

எதிரே இருந்த பூக்கடையில் ஒரு அம்மாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் முழங்கையில் இருந்து விரல் நுனி வரை மல்லிகைச் சரத்தை இழுத்து இழுத்து அளந்தார். அந்த அம்மாள் தன் கையை நீட்டி, “என் கைக்கு ரெண்டே முக்கால்தான் வருது, மூணுங்கிறீங்க!” என்றார்.

பஞ்சவர்ணம் தே தாரே குவளையை அந்தப் பக்கம் நீட்டிக் காட்டினார்.

“முழம்!” என்றார் முபாரக். “அப்போ இது விமானத்தோட அளவே இல்லை. மாலையோட அளவு!”

“மூக்குக்கு ஒன்பது முழம். வாலுக்கு ஆறு. கொக்கிக்கு ரெண்டு ரெண்டு. இந்த ஊர்ல கல்யாணத்துக்கே யாரும் ஒன்பது முழம் போடுறதில்லை. எந்தக் கடையில கட்டினாங்கன்னு கேளு.”

முபாரக் கேட்டார். முதல் கடையில், ஒன்பது முழ மாலை வேண்டும் என்றதும் மாப்பிள்ளைக்கு எத்தனை கழுத்து என்று கேட்டார்கள். இரண்டாவது கடையில் முன்பணம் கேட்டார்கள். கேம்பல் லேனில் மூன்றாவது கடைக்காரர் மட்டும், “போன வாரம் தங்கம் அக்கா கடையில ஒண்ணு கட்டினாங்களே. ரெண்டு ஆள் பிடிச்சுத் தூக்கினாங்க. யானைக்குன்னு பேசிக்கிட்டோம்” என்றார்.

“சிங்கப்பூர்ல யாருண்ணே யானை வெச்சிருக்கா?”

“அதை நாங்களும் யோசிச்சோம். ஆனா அவங்ககிட்ட கேட்கலை.”

கேட்காமல் இருந்தது நாகரிகம். யோசித்துக்கொண்டே இருந்தது நம் ஊர்ப் பழக்கம்.

*

தங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. கடையில் செவ்வந்தி, சம்பங்கி, துளசி எல்லாம் வழக்கம்போல. ஆணியில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் தொங்கிய பைனாகுலர் மட்டும் வழக்கம் இல்லை. தலைக்கு மேலே எங்கோ ஒரு விமானம் உறுமியது. தங்கம் நார் முறுக்குவதை நிறுத்தாமல், தலையை உயர்த்தாமல், “சரக்கு விமானம். லேட்டு” என்றார்.

முபாரக் மெதுவாக, “அக்கா, கேஸ் முடிஞ்சது. வாங்க வீட்டுக்குப் போலாம்” என்றார்.

பஞ்சவர்ணம் இணையதளத் தாளை மேஜையில் வைத்தார். தங்கம் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். மறுப்பார் என்று பார்த்தால், “எத்தனை பேர் படிச்சிருக்காங்க தெரியுமா? பதினோராயிரம்!” என்றார்.

“நீங்கதான் எழுதினதா?”

“பின்ன? பூக்கடைக்கு வர்றதுக்கு முன்னாடி ஏர்போர்ட் சரக்குப் பிரிவுல இருபத்திரண்டு வருஷம். ஈசூன்ல என் வீடு பன்னிரண்டாவது மாடி, ஜன்னலைத் திறந்தா விமானம்தான். ஞாயித்துக்கிழமையானா சாங்கி கடற்கரையில விமானம் பார்க்க ஏணி போட்டு நிக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தி. எல்லாம் பசங்க. நான் ஒருத்திதான் புடவை.”

“கரிச்சானை எங்க பார்த்தீங்க?”

“பார்க்கவே இல்லையேம்மா. மாலை ஆர்டர் வந்துச்சு. புது வண்டின்னு சொன்னார். சரி, லாரியோன்னு நெனச்சேன். எலுமிச்சம்பழம் எத்தனைன்னு கேட்டேன். மூணுன்னார். லாரிக்கு மூணு சக்கரமா?”

“ஆட்டோ?” என்றார் முபாரக்.

“ஆட்டோவுக்கு ஏதுப்பா வாலு? வாலுக்கு ஆறு முழம்னார். மூக்கு இருக்கு, வால் இருக்கு, சக்கரம் மூணு. அப்போ என்ன? விமானம். ஒன்பது முழ மூக்குன்னா பெரிய விமானம் இல்லை, பயிற்சிக்கு ஓட்டுற சைஸு. இந்த ஊர்ல புதுசா வரப்போற பயிற்சி விமானம் கரிச்சான் ஒண்ணுதானே. அப்புறம் சின்ன மாலை ஆறு, இறக்கைக்குக் கீழ தொங்கவிடன்னார். இறக்கைக்குக் கீழ ஆறு இடத்துல மாலை தொங்கணும்னா அங்க ஆறு கொக்கி இருக்கணும். படிக்கிற பசங்க விமானத்துல கொக்கி எதுக்கு? புத்தகப்பை மாட்டவா?”

முபாரக் கை கூப்பினார். “நம்ம ஆபீஸ் போர்டைக் கழட்டி இங்க மாட்டிடலாம்க்கா.”

“ஏன் போட்டீங்க?” என்றார் பஞ்சவர்ணம்.

“என் மனசுல வெச்சுக்க முடியலை. அந்தத் தளத்துல எப்பவும் அந்தப் பசங்கதான் முதல்ல சொல்லுவாங்க. ஒரு தடவையாவது நான் முதல்ல சொல்லணும்னு...” தங்கம் கொஞ்சம் வெட்கப்பட்டார். “தப்பா?”

“இதனால ஒரு பொண்ணுக்கு வேலை போகப்போகுது. பூன் லே பொண்ணு. அவதான் சொல்லிட்டான்னு நாலு மணிக்குக் கையெழுத்து வாங்கப் போறாங்க.”

தங்கத்தின் கையில் இருந்த நார் அறுந்தது. “எந்தப் பொண்ணு? எங்கிட்ட எந்தப் பொண்ணும் பேசலையே!”

“யார் பேசினாங்க?”

தங்கம் தயங்கினார். பதினைந்து வருட வாடிக்கை. வீட்டுக் கிரகப்பிரவேசம், மகள் கல்யாணம், எல்லாவற்றுக்கும் இங்கேதான் பூ. பூக்கடைக்காரர்களுக்கும் ஒரு தர்மம் இருக்கிறது: யார் யாருக்கு மாலை வாங்கினார் என்பதை வெளியே சொன்னால் பாதிக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

பிறகு கைப்பேசியை எடுத்து, குரல் பதிவு ஒன்றைத் தட்டினார். முப்பத்தெட்டு வினாடி.

காலையில் இருந்து முபாரக் எதற்காவது பதில் ஜோக் சொல்லாமல் இருந்தது அந்த முப்பத்தெட்டு வினாடி மட்டும்தான். முடிந்ததும் கார்ச் சாவியை எடுத்தார். பஞ்சவர்ணம் மணி பார்த்தார். மூன்று பத்து.

“இதை எனக்கு அனுப்புறீங்களா?”

“அனுப்புறது என்ன?” தங்கம் கடையின் பாதிக் கதவை இழுத்துச் சாத்தினார். “நானே வர்றேன். அப்படியே வாசல்ல இருந்தாவது அந்த விமானத்தைப் பார்க்கலாமே.”

*

நாலு அடிக்க ஐந்து நிமிடம். கூட்ட அறை. தங்கத்தை வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே வந்தபோது, வைஷாலிக்கு முன்னால் கடிதமும் பேனாவும் தயாராக இருந்தன. பேனா மூடிகூடத் திறந்திருந்தது. கோவிந்தசாமி வேலையில் அவ்வளவு சுறுசுறுப்பு.

“அறிக்கை ரெடியா மேடம்?”

“ரெடி சார். ஒரு சின்ன விஷயம்தான் பாக்கி.” பஞ்சவர்ணம் மேஜையைத் தடவினார். “நல்ல மேஜை. என் ஆபீஸுக்கு இதே மாதிரி ஒண்ணு போடணும். எவ்வளவு நீளம் இருக்கும்?”

மனிதருக்குப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது மூளையைக் கேட்டுக்கொண்டு வராது. கோவிந்தசாமி முழங்கையை மேஜை ஓரத்தில் ஊன்றினார். விரலை நீட்டினார். விரல் நுனி இருந்த இடத்தில் மறுபடி முழங்கை. மறுபடி விரல். மூன்றாவது தடவை எடுத்து வைக்கும்போதுதான் எல்லோரும் தன் கையையே பார்ப்பதைக் கவனித்தார்.

“ஏழு முழம் வருமா சார்?” என்றார் முபாரக் மரியாதையாக.

வைஷாலியின் கண்கள் அந்தக் கையிலேயே நின்றன. அவள் உதடுகள் எதையோ வகுத்தன, பெருக்கின. “நாற்பத்தஞ்சு” என்றாள் மெதுவாக.

பஞ்சவர்ணம் தங்கத்திடம் வாங்கி வந்த கைப்பேசியை மேஜை நடுவில் வைத்து, பதிவைத் தட்டினார். கோவிந்தசாமியின் குரல், அவரே எதிரில் உட்கார்ந்திருக்க, கணீரென்று ஒலித்தது:

“தங்கம், நான் கோவிந்தசாமி பேசுறேன். புதன்கிழமை காலையில புது வண்டிக்குப் பூசை. மூக்குக்கு ஒன்பது முழம், வாலுக்கு ஆறு. நானே ஏணியில ஏறி முழம் போட்டுப் பார்த்தேன், சரியா இருக்கும். இறக்கைக்குக் கீழ மாட்ட சின்ன மாலை ஆறு, ரெண்டு ரெண்டு முழம். எலுமிச்சம்பழம் மூணு, நல்லா மஞ்சளா இருக்கணும். தேங்காய் வேணாம், தரை கெட்டுடும். ரொம்ப ரகசியம், யாருக்கும் தெரியக் கூடாது. நானே கார்ல வந்து எடுத்துக்கிறேன்.”

நூருல் அமீன் முதல்முறையாக வாயைத் திறந்தார். “பாதுகாப்புச் சோதனை என்று சொல்லி ஹேங்கரை மூடச் சொன்னீர்கள். நானும் மூடினேன். அலாரத்துக்குக் காரணம் கேட்டு இரண்டு இரவு நான் தூங்கவில்லை, சார். அந்த விதைகளை லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். அவசரம் என்று எழுதி.”

“அது... கண் பட்டுடக் கூடாதுன்னுதான்” என்றார் கோவிந்தசாமி. முகம் வேர்த்திருந்தது. “ஏழு வருஷ உழைப்பு. ஒரு நல்லது செய்யலாம்னா, டிராயிங்கைக் கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. அதான் கையால அளந்தேன். அந்தம்மா இப்படிக் கணக்குப் போடும்னு யாருக்குத் தெரியும்?”

“மூணு பேர்ல ஒருத்தர் நான்னு சொன்னீங்க. சந்தேகப்படுறப்போ மட்டும் உங்களை ஏன் சார் சேர்த்துக்கலை?” என்றார் பஞ்சவர்ணம்.

“நான் எம்.டி.!”

அவர் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. அதுதான் வருத்தம். தான் கசியக்கூடிய ஆள் என்பது அந்த நிமிடம் வரை அவருக்கு உண்மையிலேயே தோன்றியிருக்கவில்லை.

கோவிந்தசாமி கடிதத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். குரல் தேன் ஆனது. “சரிம்மா வைஷாலி. தவறான புரிதல். நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வா. இதைப் பத்தி யாரும் எதுவும் பேச வேணாம். வெளியே இருந்து எவனோ ஹேக் பண்ணிட்டான்னு போட்டுடலாம். எல்லாருக்கும் நல்லது.”

வைஷாலி எழுந்து நின்றாள். “நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு என் பேரைப் போட்டு அனுப்பினீங்க சார். அதே நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் உங்க பேரைப் போட்டு அனுப்புங்க. இப்பவே.”

“பூசைன்னு எழுதினா சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும். என்னைப் பார்த்து யாரும் சிரிக்கலை சார். தள்ளி உட்கார்ந்தாங்க.”

கோவிந்தசாமி நூருல் அமீனைப் பார்த்தார். உதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். நூருல் அமீன் தன் சட்டைப் பையில் இருந்து வைஷாலியின் அனுமதி அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து முதலாளியின் முன்னால் வைத்தார். “பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன், சார்.”

மின்னஞ்சல் ஒரு விரலால் உருவானது. ‘பூசை’ என்ற சொல்லுக்கு மட்டும் நாலு நிமிடம் ஆயிற்று. அனுப்பியதற்கு அடையாளமாகக் கணினி ‘விஷ்’ என்றது.

“முடிஞ்சதா? திருப்திதானே?” என்றார் கோவிந்தசாமி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

“எங்கம்மாவுக்கு மின்னஞ்சல் கிடையாது சார்” என்றாள் வைஷாலி.

அறையில் இருந்த தொலைபேசியில் அவளே எண்ணை அழுத்தி, ரிசீவரை அவரிடம் நீட்டினாள். எவ்வளவோ நாட்டு அமைச்சர்களிடம் பேசிய மனிதர், அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வணக்கம்மா. நான் வைஷாலியோட கம்பெனி எம்.டி. பேசுறேன்... ஆமா, கோவிந்தசாமி... இல்லை இல்லை, போலீஸ் எல்லாம் இல்லை. உங்க பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லைம்மா. தப்பு செஞ்சது... செஞ்சது நான்தான்.”

பூன் லேயில் இருந்து வந்த அம்மாவின் குரல், ரிசீவரைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது:

“ஒரு நிமிஷம் இருங்க சார், ஸ்பீக்கர்ல போடுறேன். கீழ் மாடி முத்தாயி அக்காவும் இங்கதான் இருக்காங்க, மீன்கடை வரைக்கும் அவங்கதான் சொல்லணும்... ம், இப்போ சொல்லுங்க. முதல்ல இருந்து. கொஞ்சம் சத்தமா.”